இரவல் கொடுத்த நெஞ்சு

செவ்வாய்க்கிழமை காலை பெங்களூரில் என் பத்திரிகை அலுவலகத்துக்கு ட்ரங்க் கால் வந்தது. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து பேசியவர் தர்மலிங்கம் அவர்களின் மைத்துனர். "மாமா விடியக் காலத்துல போயிட்டாரு. நீங்க வந்தப்புறம்தான் எடுக்கணும்னு அக்கா சொல்லுது" என்றார். வயது என்ன, என்ன நோய் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது என் தொழில். அன்று எதையும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்திருந்தது.

தர்மலிங்கம் அவர்கள் தங்கச் சுரங்கத்தில், பாறைக்கூரை சரியாதபடி மரத்தூண் கட்டும் வேலை பார்த்தவர். என் பெற்றோர் குடியிருந்த தொழிலாளர் வீட்டு லைனுக்கு எதிர் லைனில் அவர் வீடு. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் முதன்முதலாக இறங்குகிறவன் பயத்தில் கண்ணை மூடினால், "தெறந்தே வைப்பா, கீழயும் இருட்டுதான்" என்பார். கேஜ் முழுவதும் சிரிக்கும்.

சுரங்கத்தில் ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். பாறைத்தூசி படிந்திருப்பது தெரிந்தால் மேலே வேலைக்கு மாற்றிவிடுவார்கள். மேலே கூலி குறைவு. அதனால் தூசி பிடித்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். நல்ல நெஞ்சுள்ள நண்பரிடம் தங்கள் டோக்கனைக் கொடுத்து அனுப்புவார்கள். படம் எடுப்பவர் டோக்கன் நம்பரைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். நெஞ்சு இரவல் என்று அதற்குப் பெயர். அதிகம் இரவல் கொடுத்தவர் தர்மலிங்கம் அண்ணன்தான். "எம் மார எத்தினியோ போட்டோ புடிச்சிட்டாங்க. மூஞ்சிக்குத்தான் ஒண்ணுகூட இல்ல" என்பார்.

இதை எழுதப் போகிறேன் என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன்.

"எழுதினா இன்னா ஆவும் தம்பி? நாலு பேரு வேல போவும். நான் செத்தப்புறம் எழுதிக்கோ."

நான் எழுதவில்லை.

ஒரு தை மாதம் அவருடைய முறை வந்தது. படம் சுத்தமாக இருந்தது. வைகாசியில், அவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த கூட்டாளியின் முறை. அவர் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. அவருக்காகவும் அண்ணனே போய் நின்றார். பத்து நாளில் கூட்டாளி வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாதம் இன்னொன்று. தன் தூசி எப்படியோ தெரிந்துபோய்விட்டது என்று அவர் பயந்தார். இரண்டையும் பிரிக்காமல் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார். லீவு போட்டுவிட்டுக் குடியாத்தம் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். கடிதம் வந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த தையில் அண்ணனின் சொந்தப் படத்தில் முஷ்டியளவு நிழல். வேலூருக்கு நான்தான் அழைத்துப் போனேன். ஆஸ்பத்திரி வார்டில், பரிசோதனைக்கு வந்திருந்த ஆரணி வாத்தியார் ஒருவரைப் பார்த்தோம். அவருக்கும் நுரையீரல் புற்றுநோய்தான். ஆரம்பத்திலேயே தெரிந்ததால் நுரையீரலில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். ஐந்து வருடம் ஆகியிருந்தது. அண்ணன் அவரிடம் தழும்பைக் காட்டச் சொன்னார்.

"மாடி ஏறுவீங்களா சார்?"

"ஏறுவேன். நின்னு நின்னு ஏறுவேன்."

"நின்னாலும் ஏறிடறீங்க இல்ல. அது போதும்" என்றார் அண்ணன். அன்று இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டார்.

அண்ணனின் நெஞ்சைத் திறந்த மருத்துவர் எதையும் வெட்டாமல் தைத்துவிட்டார். நோய் பெரிய ரத்தக்குழாய் வரை போயிருந்தது. "சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா அந்தப் பகுதியை எடுத்திருப்போம். எல்லாரும் பிழைக்கறாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த வாத்தியாரைப் பார்த்தீங்க இல்லையா" என்றார்.

வேலூரிலிருந்து வீடு திரும்பிய வாரம், ஊரிலிருந்து வந்திருந்த கூட்டாளி அந்த இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார். தன் வேலை நிலைக்குமா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவர், நான் இருப்பது கேள்விப்பட்டு, படித்துச் சொல்லச் சொன்னார். நான் உறையைப் பிரித்துச் சத்தமாகப் படித்தேன். இடது நுரையீரலின் மேற்பகுதியில் காசு அளவு நிழல் தெரிகிறது, வேறு நோயாக இருக்கலாம், தாமதிக்காமல் வரவும் என்றிருந்தது.

"தூசின்னு போடலியா?" என்றார் கூட்டாளி.

நான் கடிதத்தின் மேலிருந்த மாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன்தான் முதலில் பேசினார்.

"அது எம் மாருப்பா."

வாசல்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ராஜம்மாள் அண்ணியின் கை நின்றுவிட்டது. "எட்டு மாசம்" என்றார். அன்றிலிருந்து கூட்டாளி அந்த வீட்டுக்கு வரவில்லை.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது அண்ணனின் பெரிய குரல் போய்விட்டிருந்தது. காதை அவர் வாயருகே வைத்துக் கேட்டேன். "இப்ப எழுதிக்கோ. அவன் பேரு மட்டும் வாணாம்."

செவ்வாய் மாலை பாடை கட்டி முடிந்தபோது கூட்டாளி தெருமுனையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பார்த்தவர்கள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அண்ணி என்னைப் பார்த்தார்.

"தம்பி, அவர இட்டுனு வாங்க. தூக்கட்டும். இவரு எத்தினி வாட்டி அவருக்காகப் போயிருப்பாரு."

கூட்டாளி வந்து முன்பக்கம் தோள் கொடுத்தார். நூறு அடி போவதற்குள் மூச்சு இரைத்தது. தோளை மாற்றிக்கொள்ள ஆள் வந்தபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவர் இருமி முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் பாடையைத் தோளில் வைத்தபடி தெருவில் நின்றோம். மறுபடி நூறு அடி. மறுபடி நின்றோம். இடுகாடு போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மண் தள்ளும்போது அவருடைய இருமல் மட்டும் கேட்டது.

அண்ணே, நீங்கள் சொன்னபடி பெயர் போடவில்லை. அந்த வைகாசியிலாவது நான் எழுதியிருந்தால் நாலு பேர் வேலை போயிருக்கும், ஆனால் முகம் பார்த்து எல்லோருக்கும் மறுபடி படம் எடுத்திருப்பார்கள். நீங்கள் இப்போது ஏதாவது ஒரு மாடியை நின்று நின்று ஏறிக்கொண்டிருப்பீர்கள்.