வயரைப் பிடுங்கினால் போதும் என்று நம்பியிருந்தேன்

அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வங்கி, பென்ஷன் என்று எல்லாப் பாஸ்வேர்டுகளையும் எங்கள் பழைய டெஸ்க்டாப்பில்தான் வைத்திருக்கிறேன். யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயத்தில், வேலை முடிந்ததும் மோடத்திலிருந்து வரும் வயரைப் பிடுங்கிவிடுவேன். வயர் இல்லையென்றால் இன்டர்நெட் இல்லை என்பது என் கணக்கு.

இன்று அந்த வயரின் முனை உடைந்துவிட்டது. எந்தப் புது வயர் பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் சிபியூவையே ஆட்டோவில் ஏற்றி, கேம்ப் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் அதைத் திருப்பி, பின்னால் இருந்த இரண்டு குட்டிக் கொம்புகளைக் காட்டினார்.

"வயர் கியூன் அங்கிள்? இஸ்மே வைஃபை ஹை நா" என்றார் இந்தியில். வயர் எதற்கு, இதிலேயே வைஃபை இருக்கிறதே என்று.

வாரந்தோறும் நான் துணியால் துடைத்துவந்த கொம்புகள் அவை.

அவர் மானிட்டரை மாட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் ஏற்கெனவே அதில் பதிவாகியிருந்தது. வயரே வாங்காமல் சிபியூவை மறுபடி ஆட்டோவில் ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, நீங்க வயரைப் புடுங்கினதுக்கப்புறந்தான நான் உக்காந்து சமையல் வீடியோ பாக்கறேன். பையன் வந்தப்பவே வைஃபை போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டான். நீங்க தூசு தட்டத்தான் புடுங்கறீங்கன்னு நெனச்சேன்."

இத்தனை வருடமும் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தக் கொம்புகளைக் கழற்றிவிட்டால் போதுமா?

போதும் என்றால், அதை என் மனைவியிடம் யார் சொல்வது?