நனைக்காமல் ஒட்டிய துணி

அந்த ஏரோப்ளேனை இரண்டு கையையும் விரித்தால் தூக்கிவிடலாம். அவ்வளவுதான் அதன் அளவு. திருச்சியிலிருந்து சீசனுக்குக் குற்றாலம் வந்திருந்த ஒரு என்ஜினீயர், இரண்டு வருடமாகத் தன் கையாலேயே செய்தது. தக்கை மாதிரி லேசான கட்டை, அதன் மேல் மெல்லிய காகிதம், மூக்கில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு என்ஜின். கயிறு கிடையாது. கீழே நிற்பவர் கையில் ஒரு பெட்டி இருக்கும். அதில் இரண்டு விசைகள்: ஒன்று இடம் வலம் திருப்ப, மற்றது மேலே கீழே கொண்டுபோக. பெட்டி சொல்வதை ஏரோப்ளேனுக்குள் இருக்கும் ரேடியோ கேட்டு, வாலை அசைக்கும். இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதையே அவர் தங்கியிருந்த பங்களாவில்தான் தெரிந்துகொண்டேன்.

நான் அப்போது தென்காசியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். எங்கள் வீட்டில் பெயரைக் கையெழுத்தாகப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அவருடைய பெட்டிக்குள் ஒரு கம்பி விட்டுப் போயிற்று என்று கடைக்காரர் என்னை அனுப்பினார். பற்றவைத்துக் கொடுத்தேன். என்ஜினீயர் மறுநாளும் வரச் சொன்னார். நாலாம் நாள், தங்கள் ஒர்க்‌ஷாப் பயிற்சிப் பள்ளியில் ஆள் எடுக்கப் போகிறார்கள் என்றார்.

"உன் கை சுத்தமா இருக்கு தம்பி. நான் ஒரு கடிதம் தர்றேன். விண்ணப்பத்தோட வச்சு அனுப்பு."

அன்றைக்குக் கடையநல்லூர் பஸ்ஸில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

ஏரோப்ளேனில் அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. வாலில் படுக்கையாக ஒரு பலகை, அதன் பின்விளிம்பில் கதவு மாதிரி மேலும் கீழும் ஆடும் ஒரு மடல். அதைத்தான் எலிவேட்டர் என்பார். அது மேலே திரும்பினால் ஏரோப்ளேன் ஏறும், கீழே திரும்பினால் இறங்கும். பலகைக்கும் மடலுக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு, அரை நூல் இடைவெளி. "காத்து அது வழியா ஒழுகிடுது. நான் விசையைத் தட்டினா அது யோசிச்சு யோசிச்சுத்தான் கேக்குது" என்றார். இடைவெளியை அடைக்க வெளிநாட்டு டேப் வைத்திருந்தார். சாரல் அடிக்கும்போது குற்றாலத்தில் தீக்குச்சியே பற்றாது, டேப் எங்கே ஒட்டும்? ஒட்டிய மறுநிமிஷம் உரிந்து சுருண்டது.

"மெல்லிசா, நெருக்கமா நெய்த துணி கிடைச்சா..." என்று இழுத்தார்.

"எங்க வீட்ல இருக்கு சார்" என்றேன், அவர் முடிக்கும் முன்பே.

வாப்பா தறியில் இருந்தார். உம்மா ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் தறியிலிருந்து அறுத்த துணியில் கடைசித் துண்டு ஒன்று கிடந்தது. நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"அது எதுக்குலே?" என்றார் வாப்பா.

"ஏரோப்ளேனுக்கு."

"ஏன், அது அம்மணமாவா பறக்கு? கைலி கட்டி விடுதியளோ?"

உம்மா சிரிக்கவில்லை. துண்டைத் தொட்டுப் பார்த்தாள். "நனைக்காத துணில்லா இது. ஒருக்கா தண்ணில முக்கிக் காயப்போட்டுத் தாரேன்."

"வேண்டாம் உம்மா. நனைச்சா கஞ்சி போயிரும், தொளதொளன்னு ஆயிரும். வெறப்பா இருந்தாத்தான் நேரா வெட்டி ஒட்ட முடியும். இது உடுத்துத துணியில்ல."

"சரி, நீ படிச்ச பிள்ள. ஒனக்குத் தெரியாததா" என்று ராட்டைக்குத் திரும்பிவிட்டாள்.

தறித் துணி முதல் தண்ணீரில் சுருங்கும் என்பது எங்கள் தெருவில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது சட்டைக்கும் கைலிக்கும் உள்ள விஷயம் என்று நினைத்திருந்தேன். ஆங்கிலத்தில் புத்தகம் வரும் ஒரு சாமானுக்கும் அந்தச் சட்டம்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பங்களாவின் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒட்டினேன். அவர் சொன்னபடி மடலை நன்றாகக் கீழே மடக்கிப் பிடித்து, பலகையின் மேல்பக்கத்திலிருந்து மடலின் மேல்பக்கம் வரை நீளத்துக்கும் ஒரே துண்டு. ஓரங்களுக்கு மட்டும் வார்னிஷ். நடுவில் பூசினால் விறைத்துப்போய் மடல் ஆடாது என்று விட்டுவிட்டேன். காய்ந்ததும் அவர் பெட்டியைத் தட்டினார். மேலே, கீழே, மேலே, கீழே. வெண்ணெய் மாதிரி ஆடியது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சந்து இருந்த இடமே தெரியலயே தம்பி."

மறுநாள் காலையில் பங்களாவுக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்குப் போனோம். காவல்கார அண்ணாச்சியும் வேடிக்கை பார்க்க வந்தார். பொடிச் சாரல். என்ஜின் கிளம்பவில்லை. என்ஜினீயர் எண்ணெய் விட்டு, துடைத்து, மூக்கில் இருந்த விசிறியைச் சுண்டி, மறுபடி துடைத்து, அரைமணி நேரம் ஆயிற்று. ஏரோப்ளேன் அவ்வளவு நேரமும் ஈரப் புல்லில் இருந்தது. திடீரென்று என்ஜின் அலறியது.

"எல்லாம் பாத்தாச்சா?" என்று கத்தினார்.

"பாத்தாச்சு சார்" என்றேன். நான் பார்த்தது நேற்று.

ஏரோப்ளேனைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கையிலிருந்து விட்டேன். நேராக ஏறியது.

"அடேயப்பா, என்னமா ஏறுது!" என்று அண்ணாச்சி கை தட்டினார்.

ஏறிக்கொண்டே இருந்தது. என்ஜினீயர் விசையைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். இடது பக்கம் திரும்பச் சொன்னார், திரும்பியது. இறங்கச் சொன்னார், இறங்கவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு, மலைப்பக்கமிருந்து வந்த காற்றில் நழுவி நழுவிக் கிழக்கே போனது.

"என் கையிலதான் தப்போ? நீ பாரு தம்பி" என்று பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

கீழே தள்ளும் விசையை அழுத்தினேன். விட்டேன், அழுத்தினேன். விசை என் விரலுக்கு அடியில் சரியாகத்தான் சொடுக்கியது. அப்போது என் சட்டையைப் பார்த்தேன். சாரலில் நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே அந்தத் துண்டு ஈரம் குடித்துச் சுருங்கி, மடலை மேல்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறது. உள்ளே மடலை ஆட்டும் சின்ன மோட்டாருக்கு அதை எதிர்த்து இழுக்கப் பலம் இல்லை. தெரிந்து என்ன செய்ய? அழுத்திக்கொண்டே இருந்தேன். ஏரோப்ளேன் மேகத்துக்குள் போயிற்று. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அதுக்குக் கெழக்க ஆலங்குளத்துல ஏதும் சோலி இருந்திருக்கும்" என்றார் அண்ணாச்சி. நாங்கள் இரண்டு பேரும் சிரிக்காததைப் பார்த்து, துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டார்.

"ரேடியோதான்" என்றார் என்ஜினீயர். "நாம சொன்னது அதுக்குக் கேக்கல."

நான் வாயைத் திறந்தேன். கடிதம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் அவர் ரயிலேறிவிட்டார்.

பத்து நாள் கழித்து அண்ணாச்சி கடைக்கு வந்தார். கையில் சாக்கு. "ஏலே ரேடியோ, எம் மச்சினன் கொண்டாந்தான். ஆலங்குளம் ரோட்டுல பனை ஓலையில தொங்குச்சாம். அந்த ஊருக்குத்தான் போயிருக்கும்னு நான் அன்னைக்கே சொன்னம்லா?" சாக்குக்குள் வால் மட்டும் இருந்தது. துணி பறைத்தோல் மாதிரி விறைத்திருந்தது. மடலை விரலால் கீழே அழுத்தினேன். விட்டதும் மேலே போய் நின்றது.

அந்த வாரமே தபாலும் வந்தது. ஆங்கிலத்தில் டைப் அடித்த சிபாரிசுக் கடிதம் ஒன்று. நான் கவனமானவன் என்று அதில் இருந்தது. கூடவே தமிழில் ஒரு துண்டுக் காகிதம். இன்னொரு ஏரோப்ளேனுக்கு ஆகும் என்று வைத்திருந்த பெட்டியை மூன்று முறை பிரித்துப் பார்த்ததாகவும், ஒரு பழுதும் தென்படவில்லை என்றும், பழுது எங்கே என்றே தெரியாத ஒன்றை நம்பி இனி எதையும் பறக்கவிட மனசில்லை என்றும் எழுதியிருந்தார்.

நாலு கார்டு எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதில் நடந்ததை எழுதி, வாலோடு சேர்த்து வைத்தேன். பார்சல் தைக்க உம்மாவிடம் துணி கேட்டேன். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் வாலைத் திருப்பிப் பார்த்தாள், விரலால் துணியைச் சுண்டினாள். உள்ளே போய் ஒரு வெள்ளைத் துணி எடுத்து வந்தாள்.

"இது நனைச்சதுதாம்ல" என்றாள். ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்தாள்.

பதில் வரவில்லை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்தது. கடிதத்தையும் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு தபாலாபீஸுக்குப் போனேன். நடந்தது தெரியாமல் அவர் எழுதிய கடிதம் அது. தெரிந்த பிறகும் கொடுப்பாரா என்று அவர்தான் சொல்ல வேண்டும். அதை உறைக்குள் வைக்கக் கை வரவில்லை. வைக்காமல் அனுப்பினால் என் விண்ணப்பத்தை யார் பிரிப்பார்கள்? ஜன்னல் சாத்தும்வரை அங்கேயே நின்றுவிட்டு, எதையும் அனுப்பாமல் திரும்பினேன்.

பார்சல் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. கடையில் யாராவது, "இந்த ரேடியோ சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று கொண்டுவந்து வைத்தால், பிரிப்பதற்கு முன் அதன் வெளிப்பக்கத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பேன். என்ஜினீயருடைய ரேடியோ சரியாகத்தான் கேட்டது.