அக்கா கவர்னரான காலை

ஆனந்தி சட்டென்று இரண்டடி பின்வாங்கினாள்.

“வேணாம் கருப்பு. அதப் போடாத.”

கட்சித் துண்டை விரித்துப் பிடித்திருந்த கருப்பம்மாளின் கைகள் அந்தரத்திலேயே நின்றுவிட்டன. காதில் விழுந்தது நிஜந்தானா? வாசலில் வெடிச் சத்தம் காதைப் பிளந்தது. வடக்கே ஏதோ ஒரு மாநிலத்துக்கு அக்காவைக் கவர்னராகப் போட்டிருக்கிறார்கள் என்று டிவியில் கேட்ட மறு நிமிடம், பறித்த கனகாம்பரத்தைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு, ஆத்தூரிலிருந்து டவுன் பஸ் பிடித்துத் திண்டுக்கல்லுக்கு ஓடி வந்தவள் அவள்.

முப்பது வருஷப் பழக்கம். தண்ணீர் கேட்டு நடந்த சாலை மறியலில் இருவரையும் ஒரே கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்தார்கள். அன்றைக்குத் திண்டுக்கல் கோர்ட்டில் ஆனந்தி இளம் வக்கீல், கருப்பம்மாள் கைக்குழந்தைக்காரி. அழுத பிள்ளையை வக்கீலம்மா மடியில் வாங்கிக்கொண்ட அந்த நிமிடமே, கருப்பம்மாள் தன் ஆயுசை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். புருஷன் திட்டினான், மாமியார் சோறு போடவில்லை. அசரவில்லை. அக்கா இரண்டு முறை கவுன்சிலராக ஜெயித்தபோது ஆடினாள். ஆத்தூர் தொகுதியில் சட்டமன்றத்துக்கு நின்று நான்கு முறை தோற்றபோது, நான்கு முறையும் காய்ச்சலில் விழுந்தாள்.

“ஏங்க்கா, நான் தொட்டா தீட்டா? கவர்னரம்மா ஆயிட்டீகன்னா?”

“கிறுக்கி! கவர்னராப் போறவ எந்தக் கட்சியிலயும் இருக்கக் கூடாது. விடியக்காலையிலயே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன்.”

 கருப்பம்மாள் துண்டைக் கீழே இறக்கினாள்.

“ராஜினாமாவா? எலெக்சனுக்கு ஆறு மாசந்தானக்கா கெடக்கு! இந்த வாட்டி ஆத்தூரு நமக்குத்தான்னு ஊரே சொல்லுது. வீடு வீடா ஏறி எறங்கி, ‘எங்கக்கா ஜெயிச்சு வரும்’னு சொல்லி வச்சிருக்கேனே! இப்பவே போனப் போட்டு முடியாதுன்னு சொல்லுங்க.”

“சொல்லியிருக்கலாம்டி. மேலிடத்துல நேத்து கேட்டாங்க. யோசிக்க ஒருநா குடுத்தாங்க.” ஆனந்தி கதவைச் சாத்தினாள். “நான் ஒரு நிமிசங்கூட யோசிக்கல. உடனே சரின்னுட்டேன். அஞ்சாவது தடவையும் தோத்துட்டா என்னால தாங்க முடியாது கருப்பு. எனக்குப் பயமாருக்கு.”

பயமா? தடியடி விழுந்த அன்றைக்கு முதல் ஆளாக முன்னால் நின்றவளுக்கா? எதிரே நின்ற அந்த அறுபது வயது முகத்தைக் கருப்பம்மாள் இதற்குமுன் பார்த்ததே இல்லை.

“இம்புட்டு வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேக்கா!”

“உங்கிட்ட எப்புடிடி சொல்லுவேன்? நீதான தைரியம் தைரியம்னு மைக்கப் புடிச்சுக் கத்துவ.”

கதவு தட்டப்பட்டது. “ஏக்கா, உள்ள என்ன ரகசிய மாநாடா? எங்களுக்கும் முகத்தக் காட்டுங்க!” நகரச் செயலாளர் அக்பர் அலியின் குரல்.

கருப்பம்மாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். துண்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

“ஏலே, வாசல்ல கட்டுன கொடியெல்லாம் அவுருங்க. அக்கா இனி கட்சியில இல்ல.”

அக்பர் அலி வாய் பிளந்தார். “என்னக்கா சொல்றீக? அப்ப ஆத்தூரு? நம்மள விட்டுட்டுப் போறாகளா?”

அத்தனை கண்களும் அவளையே பார்த்தன. ஒரே ஒரு வார்த்தை, உள்ளே கேட்ட அந்த ஒரே வார்த்தையைச் சொன்னால் போதும். முப்பது வருஷத்து ஆனந்தி அந்த வாசலிலேயே செத்துப்போவாள்.

“மேலிடத்து உத்தரவு தம்பி,” என்றாள் கருப்பம்மாள். “அக்கா முடியவே முடியாதுன்னு ராப்பூரா அழுதுச்சு. விட மாட்டேனுட்டாக.”

“அதான பாத்தேன்! நம்ம அக்காவாவது போறதாவது!” அக்பர் அலி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வாழ்க!” என்று யாரோ குரல் கொடுக்க, தெருவே அதிர்ந்தது.

எப்போதும் முதல் குரல் கொடுக்கும் கருப்பம்மாள், சாத்தியிருந்த கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது. யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று கதவை இன்னும் இறுக்கிச் சாத்திக்கொண்டாள்.