கயிறு அறுந்தும் விழாத புடவை

எனக்கு எழுபத்தி ரெண்டு வயசு. அஞ்சு பிள்ளைங்களை வளர்த்து ஆளாக்கினவ. பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா மூஞ்சிக்கு நேரா சிரிச்சிட்டு எழுந்து போயிடுவேன். கெழவி உளறுறான்னு நீங்க நெனைச்சாலும் சரி, இது பட்டப்பகல்ல, சோறு பொங்குற நேரத்துல நடந்தது.

நூம்பல்ல சின்ன மகனோட இருக்கேன். ஒரே ரூம், ஒட்டினாப்ல கதவில்லாத சமையக்கட்டு. மருமக ஸ்டெல்லாவுக்கு வீட்டுலயே கம்ப்யூட்டர் வேலை. வேலை நேரம் பூரா கேமரா எரியணுமாம், அணைச்சா வேலை செய்யலைன்னு அர்த்தமாம். ஒருநாள் நான் குளிச்சிட்டுப் புடவை கட்ட வந்தேன்னு அவ அதை அணைச்சிட்டா. அவ மேனேஜர் கூப்பிட்டு, இன்னொரு தடவை அணைச்சா வேலை இல்லைன்னுட்டாரு. அவ சம்பளத்துலதான் வாடகை. பாத்ரூம்லயோ நின்னு புடவை கட்ட எடமில்ல. அதனால அவ நாற்காலிக்குப் பின்னாடி கயிறு கட்டி என் பழைய நீலப் புடவையைத் தொங்கவிட்டோம். அந்தப் பக்கம் ஆபீஸ், இந்தப் பக்கம் நான்.

அன்னிக்கு மேனேஜர் பேசிட்டிருக்காரு, நான் மறைப்புல ரவிக்கையும் பாவாடையுமா கொசுவம் வச்சிட்டிருக்கேன், டப்புன்னு கயிறு அறுந்து என் கால்மேல விழுந்துது. போச்சுடா மானம்னு கண்ணை மூடிக்கிட்டேன். தொறந்து பார்த்தா கயிறு கால்கிட்ட கெடக்கு, நீலப் புடவை அந்தரத்துல அப்படியே நிக்குது. சத்தியமா நிக்குது.

அப்போ கம்ப்யூட்டர்ல அந்த சார் குரல். "ஸ்டெல்லா, பின்னாடி அந்தம்மாவை உட்காரச் சொல்லுங்க. எவ்ளோ நேரம் புடவையைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிப்பாங்க, கை வலிக்காதா?"

ஸ்டெல்லா திரும்பி, "அத்தே, நீங்களா பிடிச்சிருக்கீங்க?"ன்னா.

"நான் கொசுவம் வச்சிகினு கீறேன்டி! எனக்கு இன்னா, நாலு கையா கீது?"

அவ திரும்பி அவர்கிட்ட, "எங்க அத்தை துணி மாத்துறாங்க சார். வீட்டுல வேற எடமில்ல"ன்னு மட்டும் சொன்னா. நான் முந்தானையை இழுத்துச் சொருகினேன் பாருங்க, அந்த நிமிஷம் நீலப் புடவை பொத்துன்னு கீழே விழுந்துது. அதுக்குப் பின்னாடி என்னைத் தவிர யாருமில்ல.

மறுநாளே, மீட்டிங்ல பேசும்போது மட்டும் கேமரா போட்டா போதும்னு மேனேஜர் சொல்லிட்டாராம். நல்ல மனுஷன், புடவையைப் பிடிச்சிருந்த ரெண்டு கையிலயும் பச்சை வளையல் பார்த்தேன்னு இன்னிக்கும் சாதிக்கிறாரு. எங்க வீட்டுல யாரும் பச்சை வளையல் போடறதில்ல.

வேளாங்கண்ணிக்குப் போனா கடல்ல குளிச்சிட்டு வர்ற பொம்பளைங்களுக்கு நானும் இப்படித்தான் புடவையைப் பிடிச்சிட்டு நிப்பேன், மூஞ்சி தெரியாதவங்களுக்கும். அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்னு கேட்டா எனக்குத் தெரியாது.

அந்த நீலப் புடவையோட மேல் ஓரத்துல ரெண்டு எடத்துல கசக்கிப் பிடிச்ச சுருக்கம். துவைச்சாச்சு, கஞ்சி போட்டாச்சு, அயர்ன்காரரும் அழுத்திப் பார்த்துட்டாரு, மறுபடி வந்துடுது. என் கையை வச்சுப் பார்த்தேன். பிடிச்ச கை என்னுதைவிடச் சின்னது.

ஏ நான்சி, பாட்டி சொல்லச் சொல்ல எழுதினியே, எங்க, ஒருக்கா படிச்சுக் காட்டு. சத்தமா படிடி, அந்தப் பச்சை வளையல்காரிக்கும் கேக்கட்டும்.