அளவு போடாத பிளான்

அடம்பன் சந்தியில் பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தனுசியாவைத் தெரியும். அவள் என்ன வேலை செய்கிறாள் என்பதுதான் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. "கொம்பியூட்டரில ஏதோ கீறுறவள்" என்பதோடு ஊர் நின்றுவிடும். அவள் கீறுவது வீடு. வெளிநாட்டில் இருப்பவர்கள் மன்னார்ப் பக்கம் கட்டப்போகும் வீடுகளுக்கு இணையத்தில் வேலை எடுத்துப் பிளான் கீறிக் கொடுக்கிறாள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த படிப்பு, ஒரு பழைய லப்டொப், சாமியறைப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை. அவளுடைய கந்தோர், அலுவலகம் எல்லாம் அவ்வளவுதான்.

கணவன் பிரசாந்தன் வயல் செய்கிறவன், நல்லவன். ஆனால் இந்தத் தொழில் அவனுக்குப் பிடிபடவேயில்லை.

"நெல்லு யாவாரி ஏமாத்தினா அவன்ர வாசல்ல போய் நிண்டு கத்தலாம். உன்ர ஆக்களை எங்க போய்ப் பிடிக்கிறது?" என்று கேட்பான்.

போன மாரி மழைக்காலத்தில் அவன் பயந்தது அப்படியே நடந்தது. லண்டனிலிருந்து றொகான் என்று ஒருவர் பேசினார். "தங்கச்சி, நானும் அடம்பன் மண்ணில விளையாடித் திரிஞ்சவன்தான்" என்றார். அந்த ஒரு சொல்லில் இவள் உருகிவிட்டாள். ஊர்க்காரரிடம் முற்பணம் கேட்கக் கூச்சம் வேறு. மூன்று கிழமை குனிந்தபடி கீறினாள். படிக்கட்டுக்கு மேலே ஒரு வளைவு யன்னல் வைத்தாள், வேறு யாருக்கும் அப்படி வைத்ததில்லை. முடிந்ததும் வங்கியில் காசு போட்ட சிலிப்பின் படம் வந்தது. ரெண்டு நாளில் கணக்கில் விழும், வீடு கட்டுற மேசன்மார் பார்த்துக்கொண்டு நிற்கினம், பிளானை அனுப்பிவிடுங்கோ என்றார். அனுப்பிவிட்டாள். ரெண்டு நாள் ரெண்டு கிழமையானது. வங்கியில் விசாரித்தபோது அப்படியொரு காசு வரவேயில்லை என்றார்கள். சிலிப்பே பொய். றொகானின் போன் இலக்கத்துக்கு அதன்பிறகு எந்தச் செய்தியும் போய்ச் சேரவில்லை.

அழுதாள். காசு போனதைவிட, ஊர்ப்பெயரைச் சொல்லி ஏமாற்றிவிட்டானே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. பிரசாந்தன் சத்தம் போடவில்லை.

"இன்னொருக்கா இப்பிடி நடந்தா இந்த வேலையை விட்டிடுவம். உப்புக்குளத்தில சீமெந்து, கம்பி விக்கிற ஹாட்வெயார்க் கடையில பில் எழுத ஆள் கேட்டவை" என்றான்.

"ஓம்" என்று அவளும் சொல்லிவிட்டாள்.

பங்குனியில் ஒருநாள் மன்னாருக்கு பஸ்ஸில் போகும்போது வீதியோரத்தில் அந்த வளைவு யன்னலைக் கண்டாள். அவள் கீறிய வீடு, கூரைமட்டம் வரைக்கும் எழும்பி நின்றது. அடுத்த பஸ் தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்தாள். சண்டை பிடிக்கத்தான் போனாள். உள்ளே நின்றவர் பேசாலையைச் சேர்ந்த வலன்ரைன் மேசன்.

"ஆரைத் தேடுறியள் பிள்ளை?"

"இந்தப் பிளான் கீறினது நான்தான் அண்ணை. எனக்குக் காசு தரேல்ல."

அவர் யன்னலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குக் கூலி கிழமைக்குக் கிழமை வருது. இது எனக்குத் தெரியாது பிள்ளை" என்றார். பொய் சொல்கிற முகமில்லை. ஒரு கதிரையைத் தூசி தட்டிப் போட்டு, போத்தலில் இருந்த, பால் விடாத பிளேன்ரீயை ஊற்றி நீட்டினார்.

கோப்பையை வைக்கப் போன இடத்தில்தான் அவள் அதைக் கண்டாள். நாலு நாள் இருந்து அவள் நிறம் தீட்டிய முகப்புப் படம், மேசையில் தேத்தண்ணிக் கறையோடு கிடந்தது. அளவு போட்ட தாள்களோ பொலித்தீன் உறைக்குள், மேசனின் சேர்ட் பையில் பத்திரமாக இருந்தன. வீட்டுக்காரருக்குப் படம் போதும், ஆனால் வீடு எழும்புவது அளவில். அந்த அளவைத்தான் காசைக் காணாமலே தூக்கிக் கொடுத்திருக்கிறாள். சண்டையை மறந்து, தன் போன் இலக்கத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வீடு திரும்பினாள்.

அதன்பிறகு அவளுடைய சட்டம் மாறியது. பாதிக் காசு முதலில். முடிந்ததும் முழுப் பிளானையும் காட்டுவாள், அளவு ஒன்றும் இருக்காது. மிச்சம் கணக்கில் விழுந்தபிறகுதான் அளவு போகும். சிலிப் படம் எத்தனை வந்தாலும் அது படம்தான். காசு போடப்போகிறேன், வங்கியிலிருந்து போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தைச் சொல்லுங்கோ என்று ஒருவர் தேனாகப் பேசினார். அவருக்கு வணக்கம் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஆவணியில் நோர்வேயிலிருந்து எட்வேட் என்பவரின் மாடி வீட்டு வேலை வந்தது. அதுவரை அவள் கீறியதில் அதுதான் பெரியது. பாதிக் காசு ஒழுங்காக வந்தது. முடிந்த அன்று சிலிப்பின் படம் வந்தது. மேசன் நிற்கிறார், அளவை அனுப்புங்கோ என்ற செய்தியும் வந்தது. காசு கணக்கில் விழுந்த அடுத்த நிமிசம் அளவு வரும் என்று எழுதினாள்.

"என்னைக் கள்ளன் எண்டு நினைக்கிறியளோ?" என்று பதில் எழுதினார்.

இரண்டு நாளாகக் காசும் இல்லை, கதையும் இல்லை. பிரசாந்தனே தளர்ந்துபோனான். "அனுப்பிவிடன். ஒருவேளை நல்ல மனுசனாயிருந்தா?"

"நல்ல மனுசனெண்டா காசு வரும்தானே" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, தான் ஹாட்வெயார்க் கடையில் பில் புத்தகத்தோடு இருப்பதாகவே மனம் நினைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் போன் அடித்தது. மன்னார்ப் பக்கத்தில் மாடி கட்டத் தெரிந்த மேசன்மாரை விரல்விட்டு எண்ணலாம். பேசியவர் அந்த வளைவு யன்னல் வீட்டு வலன்ரைன்.

"பிள்ளை, நோர்வேக்காரர் அத்திவாரம் வெட்டச் சொல்லுறார். தாளில உங்கட பேர் கிடக்கு. படம் நல்ல வடிவு. அளவு எங்க?"

"அளவு காசோட வரும் அண்ணை."

அவர் மெல்லச் சிரித்தார். "சரி. அளவு இல்லாமல் மண்வெட்டி தூக்கமாட்டன் எண்டு நானும் அவருக்குச் சொல்லுறன். போனமுறை தெரியாமல் கட்டிப்போட்டன். இனித் தெரிஞ்சு கட்டேலாது."

பின்னேரம் வங்கியிலிருந்து செய்தி வந்தது. செய்தியையும் நம்பாமல் கணக்கைத் திறந்து பார்த்தாள். காசு இருந்தது. முழுவதும் இருந்தது. அளவுகளைப் போட்டு அனுப்பிவிட்டு, கதிரையில் சாய்ந்து நன்றாக மூச்சு விட்டாள். சந்தோசத்தில் கண் கலங்கியது.

வயலிலிருந்து வந்த பிரசாந்தன் அவள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டான். "அப்ப ஹாட்வெயார்காரருக்கு என்ன சொல்ல?"

"எங்கட வீட்டுக்கும் ஒருநாள் சீமெந்து வேணும், அப்ப வாறம் எண்டு சொல்லுங்கோ."