அப்பாவுக்குக் கட்டிய தொட்டில்

எங்கள் அப்பா பகலில் தூங்குகிறவர். பம்பாய்க்கு வெளியே கோபர்கைரனே பக்கம் ஒரு குடோனில் அவருக்கு இரவுக் காவல். காலையில் ரயில் மாறித் தாராவிக்கு அவர் வந்து சேரும்போதுதான் எங்கள் ஒற்றை அறை பரபரப்பாக இருக்கும். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அது. டிரம், குடம், வாளி எல்லாம் நிரம்ப வேண்டும். குளிக்கவும் துவைக்கவும் மூலையில் கட்டியிருக்கிற மோரியில் அம்மா துணி அலசுவாள், தண்ணீர் தரையெல்லாம் ஓடும். அப்பா படுக்க மிச்சம் இருந்தது மாளா மட்டும்தான். அறைக்குள்ளேயே பலகை அடித்துக் கட்டிய பாதி மாடியை நாங்கள் அப்படிச் சொல்வோம். அதற்கு மேலே தகரக் கூரை. வெயில் ஏறினால் அங்கே அப்பளம் சுடலாம். கொசுவுக்கு மட்டும் அந்தச் சூடு ஒத்துக்கொண்டது.

நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். ஒரு நாள் அப்பா வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார். காவல் நாற்காலியில் அவர் கண் அசந்ததை சூப்பர்வைசர் பார்த்துவிட்டாராம். இன்னொரு தடவை பார்த்தால் வேறு ஆளை வைத்துவிடுவார்களாம். பிழிந்த துணியை உதறாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள் அம்மா.

வழி சொன்னது மாமா, அம்மாவின் தம்பி. அவருக்குத் தெரியாத விஷயம் பம்பாயில் கிடையாது. மலையேறப் போகிற பையன்கள் இரண்டு மரத்துக்கு நடுவே துணியைக் கட்டி, கொசுவலைக்குள் படுத்துத் தூங்குகிறார்களாம். அதற்கு ஹேமக் என்று பெயராம்.

“தரையே வேண்டாம் அத்தான். அக்கா கீழ தண்ணிய ஊத்தட்டும், நீங்க மேல ஃபேனுக்கு நேரா தொங்குங்க.”

“நான் என்ன வௌவாலால?” என்றார் அப்பா. ஆனாலும் அன்றைக்கே மாமாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு, தாதரில் மலையேறுகிற சாமான் விற்கும் கடைக்குக் கிளம்பினார்.

கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்தக் காட்டுக்குப் போகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். தாராவி என்றார் அப்பா. கடைக்காரர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் சரக்கை எடுத்துப் போட்டார். கயிற்று வலையில் படுத்தால் முதுகில் கட்டம் கட்டமாக அச்சு விழும் என்று அதை மாமா ஒதுக்கிவிட்டார். மிச்சம் இரண்டு. ஒன்றில் கொசுவலை மேல்பக்கம் மட்டும் தைத்திருந்தது, ஜிப் வைத்தது. இன்னொன்றில் வலை தனி. தலையணை உறை மாதிரி சுற்றிலும் மூடும். துணி மெல்லிசு, கொசு அடியிலிருந்து கடிக்கும், அதனால் தனி வலைதான் நல்லது என்றார் கடைக்காரர். தனியாக இருந்தால் தொலைந்து போகும், தைத்ததுதான் நல்லது என்றார் மாமா.

படுத்துப் பார்க்கட்டும் என்று ஜிப் வைத்ததைக் கடைக்குள்ளேயே கட்டினார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். வலையைப் பற்றி அவர்கள் இருவரும் வாதாடி முடித்துத் திரும்பியபோது அப்பா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் குரலைத் தணித்துக்கொண்டார். வாசலில் வந்து நின்றவர்களையும் கையமர்த்தினார். மாமா என் காதில், “இதையே எடுத்துருவோம். யாரு எழுப்பன்னுதான் பாக்கேன்,” என்றார். நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். தூக்கம் அந்தத் துணியில்தான் இருக்கிறது என்றல்லவா நம்பினேன்.

வீட்டில் அதைக் கட்டத் தெரியவில்லை. நமக்குத் தெரிந்தது சேலைத் தொட்டில். தங்கச்சிக்குத் தொட்டில் கட்டிய கொக்கி உத்தரத்தில் அப்படியே இருந்ததால், இரண்டு முனையையும் சேர்த்து அதிலேயே மாட்டிவிட்டார் மாமா. அப்பா ஏறி உட்கார்ந்ததும் தலையும் முழங்காலும் ஒட்டிக்கொண்டன. தண்ணீர் பிடிக்க வந்த அடுத்த வீட்டு அத்தை எட்டிப் பார்த்தாள்.

“அண்ணாச்சிக்கு என்னைக்கு மதினி பேரு வைக்கப் போறீய?”

“பல்லு முளைக்கட்டும்னு இருக்கோம்,” என்றாள் அம்மா.

பிறகு ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறு முனையை மாளாவைத் தாங்கும் இரும்புக் கம்பியிலும் கட்டினார்கள். அப்பா நேராகப் படுத்தார். சாயங்காலம் எழுந்தபோது முகத்தில் ஒரு கடிகூட இல்லை. ஆனால் அடியிலிருந்து கடித்து முதுகு முழுவதும் தடிப்புத் தடிப்பாக வீங்கியிருந்தது. அந்த வாரம் மாமா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அப்பா கண் சிவந்து வேலைக்குப் போய் வந்தார். டிபன் டப்பாவை அவர் கையில் கொடுக்கும்போது, “நின்னுக்கிட்டே இருங்க, உக்காராதீங்க,” என்று மட்டும் அம்மா சொல்வாள்.

கடைசியில் தன் பழைய சேலைகளை மடித்துத் தைத்த கோதடியை எடுத்து, அந்தத் துணியின் அடிப்பக்கத்தில் சுற்றிலும் தைத்துவிட்டாள் அம்மா. அதற்குப் பிறகு அப்பா தூங்கினார். அவர் அடியில் குனிந்து குனிந்து அவள் தண்ணீர் பிடித்தாள். வேலையும் போகவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அப்பா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் அவர் தொட்டிலில் ஏறி ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டேன். கண்ணை மூடி வெகுநேரம் கிடந்தேன். பக்கத்துப் பட்டறையில் தகரம் அடித்தார்கள். யாரோ மிக்சி போட்டார்கள். குடங்கள் உருண்டன. தங்கச்சி அழுதாள். அப்பா திரும்பி வந்ததும் இது சரியில்லை, தூக்கமே வரமாட்டேங்குது என்று புகார் சொன்னேன்.

அப்பா ரேஷன் பையை இறக்கி வைத்துவிட்டு வலைக்குப் பக்கத்தில் வந்தார்.

“ராத்திரி முழிக்கிறவனுக்குத்தான் இதுல வரும். உனக்கு வராதுல. வரவும் வேண்டாம்,” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தன்னுடைய தொட்டிலில் எனக்குப் பங்கு தர அவருக்கு மனமில்லை என்று நினைத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டும் இறங்காமல் படுத்திருந்தேன்.