கம்பெனிக்கு ஒண்ணு

பதினொன்றரை மணி வாக்கில் கண்ணாடிக் கடைக்காரரின் வலது கை தானாக எழுந்து இடது நெஞ்சைத் தட்டுகிறது. சட்டைப்பை இருக்கிறது, அதன் வாய்தான் இல்லை. மேல் விளிம்பில் குறுக்கே தையல் ஓடியிருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன்னால், இருக்கிற ஒன்பது சட்டைக்கும் இப்படிப் பையை மூடித் தைக்கச் சொன்னார். "அதுக்குப் பையைப் பிரிச்சே எடுத்துடலாமே" என்றாராம் மனைவி. "எடுத்தா மறந்துடும். தட்டுறப்பல்லாம் பூட்டியிருக்குன்னு தெரியணும்" என்று இவர் சொல்லியிருக்கிறார். கைக்கு இன்னும் தெரிந்தபாடில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வந்து தட்டி, ஏமாந்து, மேசைக்குத் திரும்பிப் போகிறது.

ஐம்பத்தெட்டு வயது. ஒடிசலான உடம்பு. தெருவில் ஆளே இல்லாவிட்டாலும் ஒருக்களித்துத்தான் நடப்பார்; நாற்பது வருடம் ஆளுயரக் கண்ணாடிகளைப் பக்கவாட்டில் தூக்கிப் பழகிய நடை அது. யார் வீட்டுக்குப் போனாலும் முகத்தைப் பார்க்கும் முன் ஜன்னலைப் பார்ப்பார். "நாலடிக்கு ரெண்டே கால். கீழ் மூலையில கீறல் விட்டிருக்கு, கவனிங்க" என்ற பிறகுதான் "நல்லா இருக்கீங்களா" வரும். வெட்டுக்காயங்கள் ஆறி ஆறி விரல் நுனிகளில் ரேகையே அழிந்துவிட்டது. வங்கியில் கைரேகை வைக்கும் இயந்திரம் இவரை ஓர் ஆளாகவே ஒப்புக்கொள்வதில்லை.

நான் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகம் அவர் கடைக்கு நேர் மேலே, முதல் மாடியில். என் மேசை பின்ஜன்னல் ஓரம். கீழே ஒரு சந்து: ஒரு குழாய், சுவரில் சாய்த்த மரச்சட்டங்கள், எந்தக் காரிலிருந்தோ கழற்றிப் போட்ட பின்சீட்டு ஒன்று. அந்தச் சீட்டுக்குப் புது ரெக்சின் தைத்துப் போட்டவர் பக்கத்துக் கடை குஷன்காரர். இரண்டு கடைக்கும் பின்வாசல் அந்தச் சந்தில்தான். இருபத்தாறு வருடங்களாக இருவரும் அங்கே சேர்ந்து புகைத்தார்கள். அதில் கடைசி மூன்று வருடங்களை நான் மேலிருந்து பார்த்திருக்கிறேன்.

குஷன்காரர் வாயாடி. குட்டி ஆணிகளை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டே பேசுவார். ஓர் ஆணி விழாது, ஒரு நையாண்டியும் தவறாது. இவரை "டேய் கண்ணாடி" என்பார். இவர் அவரை "சோபா" என்பார். பெரிய ஷீட்டை வெட்டும்போது கண்ணாடிக்காரர் மூச்சை அடக்கிக்கொள்வார். கட்டர் ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும். நடுவில் கை நின்றால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். 'டக்'கென்று சுத்தமாக முறிந்த பிறகுதான் மூச்சு வெளியே வரும். உடனே சந்து. "வெட்டி முடிச்சா நெஞ்சுக்குள்ள ஒரு பயம் நிக்கும். அது இறங்கணும்ல?" என்பார். இறக்கிவைக்க சிகரெட் இருந்தது. கேட்டுச் சிரிக்க சோபா இருந்தார்.

ஆறு வருடங்களுக்கு முன் குஷன்காரர் சிகரெட்டை விட்டார். மனைவியின் பிடிவாதம். அந்த அம்மாள் சமையலறைக் காலண்டரில் நாளுக்கொரு வட்டம் போட்டு வந்தார். குஷன்காரர் சந்துக்கு வருவதையும் நிறுத்தினார். வந்தால் கை நீளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடிக்காரர் தனியாக நின்று புகைத்தார். அரைச் சிகரெட்டிலேயே அணைத்துவிட்டு உள்ளே போவார்.

நாற்பத்தோராவது நாள் ஆறடிக் கண்ணாடி ஒன்று கோட்டை மீறி உடைந்தது. காலையிலிருந்து செய்த வேலை பாழ். கண்ணாடிக்காரர் சந்துக்கு வந்து அடுத்த கடைப் பின்வாசலில் குரல் கொடுத்தார்.

"டேய் சோபா, வாடா. சும்மா நில்லு, போதும்."

வந்தார். நின்றார். இவர் சிகரெட் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"வேணாண்டா. நல்லாத்தான் போயிட்டிருக்கு."

"கம்பெனிக்கு ஒண்ணு. நாளைக்கு மறுபடி விட்டுக்க."

குஷன்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துக்கொண்டார். பற்றவைத்ததும் கண்ணாடிக்காரர்தான். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். மேலிருந்து பார்த்த எனக்கும், பழையபடி ஆகிவிட்டதே என்று அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சித்திரம் பொய்யாகிவிடும்.

நாளைக்கு மறுபடி விடவில்லை. ஒன்றரை வருடம் கழித்து குஷன்காரரின் குரல் கம்மியது. தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சுக்காகக் கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள். "டாக்டர் முப்பது வருசப் பழக்கத்தைச் சொல்றார். எனக்கு அந்த ஒண்ணுதான் கண்ணுல நிக்குது" என்பார் கண்ணாடிக்காரர்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் நண்பரின் மனைவி சொன்னார்: "நாப்பத்தோரு நாள் இருந்தாருண்ணே. நான்தான் வட்டம் போட்டேன். யாரு குடுத்தாங்கன்னு கேட்டா இன்னைக்கு வரைக்கும் வாயத் திறக்கல."

இவர் சும்மா இருந்திருக்கலாம். "நான்தாம்மா குடுத்தேன்" என்றார்.

அந்த அம்மாள் கத்தவில்லை. இவருடைய சட்டைப்பையைப் பார்த்தார். பெட்டியின் மூலை வெளியே தெரிந்தது. "அதை வெச்சுக்கிட்டே பார்க்க வந்திருக்கீங்க" என்றார். பிறகு, "அவருக்கு இனிமே கழுத்து வழியாத்தான் மூச்சுண்ணே. இந்த வாடையோட எங்க வீட்டுக்கு வராதீங்க."

அன்றைக்கே விட்டிருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒன்று பற்றவைத்தார். "கை தானாப் பைக்குப் போச்சு. பழகின கைக்கு வேற என்ன தெரியும்?" என்று என்னிடம் கேட்டார்.

அதன்பின் பதினான்கு மாதங்கள். "விடுறதுல எனக்கு நல்ல அனுபவம். எட்டுத் தடவை விட்டிருக்கேன்" என்று சிரிப்பார். புதினா மிட்டாய் சப்பினார். பல் போனது, சிகரெட் போகவில்லை. கடவுள் மேலும் பிள்ளைகள் மேலும் சத்தியம் செய்தார். ஒருமுறை பதினோரு நாள் தாக்குப்பிடித்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் ஒன்று பிடித்து, வாயைக் கொப்பளித்து, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனார். கதவு ஒரு சாண் திறந்தது. அந்த அம்மாள் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாத்தினார். அதற்கப்புறம் தெருமுனை வரை போய்த் தானே திரும்பிவிடுவார். நண்பர் வீடு எட்டுத் தெரு தள்ளித்தான்.

வழி சொன்னவர் அரசு மருத்துவமனையின் ஒரு நர்ஸ். இவர் போனது கையில் தையல் போட்டுக்கொள்ள. தையலுக்கு நடுவே, "வெளிய போய் ஒண்ணு பிடிச்சிட்டு வரட்டுமா" என்று கேட்டிருக்கிறார். நர்ஸ் திட்டவில்லை.

"எப்ப எப்ப பிடிக்கிறீங்க?"

"எப்பவும்தான்."

"ஒரு வாரம் எழுதிப் பாருங்க. எப்பவுமா இருக்காது."

கண்ணாடியில் குறி வைக்கும் மெழுகுப் பென்சிலால், ஓர் உடைந்த துண்டிலேயே எழுதினார். ஒரு நாளைக்குப் பிடித்த பதினேழில் ஐந்து, பெரிய ஷீட் வெட்டியதும். நாலு, டீ குடித்ததும். மிச்சம் கை சும்மா இருந்த நேரத்தில். துண்டைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்க் காட்டினார்.

"அந்த நேரத்துல சிகரெட் இல்லேன்னா என்ன செய்வீங்க?" என்றார் நர்ஸ்.

"ஒண்ணும் செய்ய மாட்டேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"அதான் திரும்பத் திரும்ப வருது. வீட்டைக் காலியாப் போட்டா பழைய ஆளே வந்து குடியேறுவான். வேற யாரையாவது வெச்சிடுங்க."

முதலில் சட்டைப்பைகளை மூடித் தைக்கச் சொன்னார்; அடுத்து டீயை நிறுத்தினார். "அதும் இதும் புருஷன் பொண்டாட்டி. ஒண்ணு வந்தா இன்னொண்ணைத் தேடும்." ஆனால் சந்துக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வெட்டிய பயம் எங்கே இறங்கும்? ஷீட் முறிந்ததும் ஒரு டம்ளர் வெந்நீரோடு பின்வாசலுக்கு வருவார். ஆவி பறக்கும் வெந்நீர். ஊதி ஊதித்தான் குடிக்க முடியும். உதட்டைக் குவித்து, நெஞ்சிலிருந்து மூச்சை நீளமாக விட்டு, கால் மணி நேரம். "கேக்கிறவன் சிரிப்பான். சிகரெட் பிடிச்சப்பவும் எனக்கு வேண்டியது இதுதான்போல. வெளிய வந்து ஒரு மூச்சு விடணும். அதுக்கு முப்பத்தஞ்சு வருசம் நெருப்பு வெச்சிருக்கேன்." இடையில் இரண்டு முறை சறுக்கினார். மறுநாள் காலையில் மறுபடி டம்ளரோடு வந்தார்.

வாடை முழுதாகப் போனபின் நண்பர் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த அம்மாள் திறந்து, கொஞ்சம் நின்று, "உள்ள வாங்கண்ணே" என்றார். குஷன்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பேச வேண்டியதை ரெக்சின் துண்டில் சாக்கட்டியால் எழுதி உள்ளங்கையால் அழிப்பாராம். இவர் என்னென்னவோ தயார் செய்துகொண்டு போயிருந்தார். "நான் அன்னைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதுடா" என்று மட்டும் வந்தது.

குஷன்காரர் எழுதிக் காட்டினார்: 'நீட்டினது நீ. வாங்கினது யார் கையாம்?'

"அவன் அப்படித்தான் எழுதுவான்" என்றார் என்னிடம். "எனக்கு அது ஆறுதலா இல்ல. தனியா நிக்கப் பிடிக்கலன்னுதான் அவனைக் கூப்பிட்டேன். அப்புறம் அவன் தனியாக் கிடந்த பதினாலு மாசமும் என்னால ஒரு நாள் எட்டிப் பார்க்க முடியல. வாய் ஓயாம பேசின ஆளு."

இப்போது குஷன்காரர் காலையில் மூன்று மணி நேரம் கடைக்கு வருகிறார். கழுத்தில் மெல்லிய துணி. ஆணிகளை உதட்டில் வைப்பதில்லை, ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்கிறார். இன்று கீழே ஒரு பெரிய ஷீட் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்காரர் இரண்டு டம்ளர்களோடு வந்து கார் சீட்டில் நண்பர் பக்கத்தில் உட்கார்ந்தார். நண்பர் வாயைக் குவித்து ஊதினால் காற்று வராது. மூச்சு கழுத்தோடு போய்விடுகிறது. அதனால் கண்ணாடிக்காரர் தம்முடையதைத் தரையில் வைத்துவிட்டு, நண்பரின் டம்ளரை எடுத்து ஊதத் தொடங்கினார். ஆவி அடங்கியதும் ரேகையில்லாத விரலை டம்ளர் மேல் வைத்துச் சூடு பார்த்தார். ஆறியது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். இன்னும் ஒருமுறை ஊதி, நண்பர் கையில் கொடுத்தார்.